மரத்துப்போன மழைக்காலம்

வாயாடி பேச்சைக் குறைத்துக்கொண்டபோது முதலில் நிம்மதிப் பெருமூச்சு விட்டவன் அவள் புருஷன்தான்.

அந்தப் பெயர் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே விழுந்தது. கல்யாணமாகி வந்தபோது பெட்டி படுக்கையோடு அதுவும் கூடவே வந்துவிட்டது. காய் நறுக்கினால் கத்தியோடு பேசுவாள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயைப் பேர் சொல்லித் திட்டுவாள். ஆளில்லாத அறைக்குள் நுழைந்தாலும் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் நுழைவாள். சத்தமில்லாத இடம் என்றால் அவளுக்கு உள்ளூர ஒரு பயம். ஊரில் உள்ள எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொன்னவள், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

புருஷன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். இருட்டு கலைவதற்கு முன்பே பேக்கரிக்குப் போய், சூடு ஆறாத ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கடை கடையாக இறக்குவான். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவன் சட்டையில் ரொட்டி வாசனையும் தலைக்குள் ஹாரன் சத்தமும் இருக்கும். அவன் இரும்புப் படியில் கால் வைத்ததுமே மேலேயிருந்து அவள் குரல் இறங்கி வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகும். தினமும் அது பழகிப்போன தண்டனை. ஆனாலும் ஒருநாள் அந்தக் குரல் வராதபோது, அவன் நடுப்படியில் நின்று ஒருமுறை மேலே அண்ணாந்து பார்த்தான். பிறகு உள்ளே போய், செருப்பைக் கழற்றி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மழை கூரைத் தகரத்தில் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. அவள் சிரித்த முகத்தோடு டீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"கடவுளே, வீடு வீடா இருக்கு," என்றான் அவன்.

அவள் அதற்கும் சிரித்தாள்.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார். பெரிய துணிக்கடை ஒன்றில் ஆயுசு முழுக்க லிஃப்ட் ஓட்டியவர். தூக்கத்தில் இன்னமும் "மூணாவது மாடி, குழந்தைங்க துணி" என்பார். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது அவருக்கு வேண்டியதை மட்டும் கேட்கும். அவருக்கும் மருமகளுக்கும் காலையில் விழித்ததிலிருந்து சண்டைதான். ரேடியோ சத்தம், பல்செட்டைப் போட்டு வைக்கும் டம்ளர், ஜன்னல் திறந்திருப்பது, ஜன்னல் மூடியிருப்பது. பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அது பசி மாதிரி.

வாயாடி வேலை பார்த்தது ஒரு செருப்புக் கம்பெனியில், பசை அறையில். நீளமான ஒரே மேசை. இரண்டு பக்கமும் பெண்கள். ஒரு பக்கத்திலிருந்து தைத்து முடித்த மேல்பாகம் வரும், இன்னொரு பக்கத்திலிருந்து ரப்பர் சோல் வரும். இரண்டுக்கும் பிரஷ்ஷால் பசை தடவி, காயவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தவேண்டும். சூட்சுமமெல்லாம் அந்தக் காயவிடுவதில்தான். ஈரமாக ஒட்டினால் வழுக்கும். மிஞ்சிக் காய்ந்தால் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் மெல்லத் தொட்டால், பசை விரலோடு வரவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல் லேசாக இழுக்கும். அந்த இழுப்பை அறிந்தவள்தான் பசைக்காரி. வாயாடி பேசிக்கொண்டே, பார்க்காமலே, அதை அறிவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அந்த அறையில் இரண்டு காரியங்கள் நடந்தன. பழைய பசை கண்ணை எரிக்கும், தொண்டை கமறும். அதற்குப் பதிலாகப் புதுப் பசை வந்தது. பெட்ரோல் பங்கில் நிற்கும்போது வருமே, அப்படி லேசான ஒரு தித்திப்பு வாசம். கண் எரியவில்லை. பெண்களுக்கெல்லாம் சந்தோஷம். புது டிரம்மின் பக்கவாட்டில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு படம் ஒட்டியிருந்தது. தலையும் தோளுமாக ஒரு கறுப்பு ஆள், நெஞ்சில் வெள்ளையாக ஏதோ வெடித்தமாதிரி.

"நெஞ்சுல பூ பூத்திருக்குடி இந்த ஆளுக்கு," என்றாள் வாயாடி. "எவளையோ நெனச்சு உருகிட்டிருக்கான்."

அன்றிலிருந்து அவன் பெயர் மாப்பிள்ளை. "மாப்பிள்ளைகிட்ட போய் ஒரு டப்பா வாங்கிட்டு வா" என்றால் பசை எடுத்து வா என்று அர்த்தம்.

இரண்டாவது காரியம், காற்றாடி நின்றது. சுவரின் மேல்மூலையில் புகை வெளியேற்றும் பெரிய காற்றாடி ஒன்று இருந்தது. மழை பெய்தால் அந்த ஓட்டை வழியாகச் சாரல் அடித்து மேசையெல்லாம் நனைந்தது. போதாததற்குக் காற்றுப்பட்டுப் பசையின்மேல் ஆடை படிந்தது. பெண்களே போய்ச் சொன்னார்கள், குளிருது என்று. சூப்பர்வைசர் காற்றாடியை நிறுத்தி, ஓட்டையை அட்டை வைத்து அடைத்தார். அவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. பேசினால் சொல்லோடு சேர்ந்து காற்றும் வரும். அதனால் விசில் சார். கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லமுடியாது. டிரம்மிலிருந்து டப்பாக்களில் பசை ஊற்றுவதைக்கூட ஆள் வைக்காமல் அவரே செய்தார்.

அந்த நாட்களில்தான் வாயாடிக்கு அது தொடங்கியது.

காலையில் வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரமானதும் முழங்காலில் வெதுவெதுப்பாக ஏதோ ஏறும். அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் நிரம்புகிற மாதிரி. மேசை மெல்ல மிதக்கத் தொடங்கும். ரப்பர் சோல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுபோல அவளிடம் வந்து, பசை பூசிக்கொண்டு, அக்கரைக்குப் போகும். எதிரே உட்கார்ந்திருக்கும் குண்டூசியின் முகம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அசையும். ஊசிபோல ஒல்லியாக இருப்பாள் அவள், குத்தலாகத்தான் பேசுவாள்; அவளும் இப்போது வாயை மூடிக்கொண்டு பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தாள். வாயாடிக்குச் சொல்வதற்கு ஏதாவது தோன்றும். நாக்குவரை வரும். சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று அது திரும்பிப் போய்விடும். சத்தமே இல்லாத இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், பயமில்லாமல். வாழ்க்கையில் முதல்முறையாக. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவளால் யாருக்கும் விளக்கியிருக்க முடியாது.

அந்தச் சுகத்தை அவள் வீட்டுக்கும் எடுத்து வந்தாள். அடுப்பில் முட்டை வெந்து, தண்ணீர் வற்றி, முட்டை வெடிக்கும் சத்தம் கேட்டால், யார் வீட்டிலோ என்று நினைப்பாள். பேச்சுக்கு நடுவில் சொற்கள் தொலையத் தொடங்கின.

"அதை எடுங்க மாமா."

"எதை?"

"அதான்... டீ ஊத்தினா தூள் மேல நிக்குமே..."

"வடிகட்டியா?"

"ம், அதுதான்."

மாமனார் வடிகட்டியை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். வழக்கமாக அவள், 'காது கேக்கலைன்னா கண்ணாவது தெரியவேணாமா' என்று தொடங்கவேண்டும். அதற்கு அவர், 'என் கண்ணுக்கு என்ன, ஊசி கோப்பேன்' என்று சொல்லவேண்டும். அவள் வடிகட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மகன் வந்ததும் அவர் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் பொண்டாட்டி என்னைத் திட்டி ரொம்ப நாளாச்சுடா."

"நல்லதுதானேப்பா."

"என்ன நல்லது? வேணும்னே ரேடியோவை அலற விட்டுப் பாத்தேன். பல்செட்டைச் சக்கரை டப்பா மேல வச்சுப் பாத்தேன். சிரிக்கிறா!"

"வயசாகுதுல்ல, பக்குவம் வருது."

"அவளுக்கா? எனக்கே இன்னும் வரலை."

"அப்பா, நாள் முழுக்க ரோட்டுல கத்திக் கத்தி வர்றேன். ஒரு வேளை நிம்மதியா சாப்பிடவிடுங்க."

கிழவர் வலது காதையும் கையால் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அது அவருடைய கோபம்.

மழை பிடித்துக்கொண்டு பெய்த ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தாள். படியேறும்போது சத்தம் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் வந்தது. ஒரு காலுக்கு டக்கென்று, மறுகாலுக்கு ஒன்றுமில்லை. மாமனார் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். இரும்புப் படியில் மழைத்தண்ணீர் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! கால்ல என்ன?"

"என்ன மாமா?"

"கால்ல பாருடி, கால்ல!"

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. மறுகால் வெறுங்காலாக, சேறு அப்பி, பெருவிரலுக்குக் கீழே உடைந்த பாட்டில் துண்டு ஒன்று பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பெனி வாசலிலா, பாலத்திலா, இந்தத் தெருவிலா. அந்தக் கால் வேறு யாருடையதோ என்பதுபோல அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செருப்புக் கம்பெனிக்காரி செருப்பைத் தொலைச்சுட்டேன்," என்று சொல்லிச் சிரித்தாள்.

கிழவர் அவளைப் பிடித்து வாசற்படியில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டுக் கண்ணாடித் துண்டைப் பிடுங்கினார். ஆழமாக இறங்கியிருந்தது. பிடுங்கும்போது அவருக்குத்தான் உடம்பு கூசியது. அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா?"

"இல்லையே."

"ஏம்மா, வலிக்கலையா உனக்கு?" என்று மறுபடி கேட்டார். காது கேட்காதவர் என்பதால் சத்தமாகத்தான் கேட்பார். கேட்டுவிட்டு, அதே சத்தத்தோடு அழத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அந்த அழுகைதான் அவளைத் தண்ணீருக்கு மேலே இழுத்துக்கொண்டு வந்த முதல் சத்தம்.

தையல் போட்ட டாக்டரம்மா விடுவதாயில்லை. மரத்துப்போக ஊசி போடாமலே தையல் போட்டும் அசையாத காலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினாள். கணுக்காலுக்குப் பின்னால் தட்டினாள். அங்கே ஒன்றும் துள்ளவில்லை.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"செருப்புக் கம்பெனி. பசை தடவறது."

"பசை என்ன பசைன்னு தெரியுமா? டிரம்முல ஏதாவது எழுதியிருக்கா, படம் போட்டிருக்கா?"

"மாப்பிள்ளை படம்," என்றாள் வாயாடி.

பக்கத்தில் நின்ற புருஷன் திடுக்கிட்டான். அவள் டாக்டரம்மாவின் பேனாவை வாங்கினாள். விரல்களுக்குள் அது நிற்காமல் நழுவியது. மறுபடி பிடித்து, மருந்துச் சீட்டின் பின்னால் தலையும் தோளும் வரைந்து, நெஞ்சில் பூவைப் போட்டாள்.

டாக்டரம்மா சீட்டை வாங்கித் தன் பக்கம் திருப்பினாள்.

"இது பூ இல்லம்மா. இந்தச் சாமான் உடம்புக்குள்ள போய் உள்ளேயே கெடுக்கும்னு சொல்ற படம். மூச்சு வழியா போகும், தோல் வழியாவும் போகும். பசையை இளக்கறதுக்குக் கலக்கற திரவத்துல ஒரு வகை இருக்கு, அது நரம்போட நுனியைத்தான் முதல்ல பிடிக்கும். அதான் கால் விரல், கை விரல். தலை லேசா மிதக்கிற மாதிரி இருக்குமா?"

வாயாடி தலையாட்டினாள். ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அறையில காத்து போக வழி இருக்கா?"

"அட்டை வச்சு அடைச்சிருக்கோம்."

"கையை எதால கழுவுவீங்க?"

"தின்னரால. அப்பதான் பசை போகும்."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "இனிமே அந்த அறைக்குள்ள போகாதீங்க. சரியாகும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நிறுத்தின உடனே சரியாகாது. கொஞ்ச நாள் இன்னும் மோசமாகும். பயந்துடக்கூடாது. அப்புறம் மெல்லத் திரும்பும்." பிறகு கேட்டாள், "அந்த அறையில வேற யாரெல்லாம் இருக்காங்க?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ரொட்டி வண்டியின் முன்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, அவள் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்தாள். குண்டூசியின் கையிலிருந்து அடிக்கடி பிரஷ் விழுகிறது. மூத்தவள் ஒருத்தி சட்டைப் பொத்தான் போடமுடியாமல் மற்றவர்களைக் கூப்பிடுகிறாள். விசில் சார் நடந்தால் பாதம் தரையில் 'தப், தப்' என்று விழுகிறது. வாத்து நடை என்று எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அவள் கட்டுப்போட்ட காலோடு கிளம்பி நின்றாள்.

"நீ எங்க போற?" என்றான் புருஷன்.

"சொல்லணும்."

"நான் போய்ச் சொல்றேன்."

"நீங்க என்னன்னு சொல்வீங்க? வண்டியில கொண்டுபோய் விடுங்க."

சாப்பாட்டு இடைவேளை. கம்பெனி முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே பெண்கள் டப்பாக்களைத் திறந்து வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. வாயாடி அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தாள். சொல்வதற்கு எல்லாம் இருந்தது. வாயைத் திறந்தால் சொற்கள் கலைந்து ஓடின.

"அந்தப் பசை... நரம்பு... டாக்டர் சொன்னாங்க... காத்து இல்லாம..."

"என்னடி உளர்றே?" என்றாள் குண்டூசி.

"மாப்பிள்ளை நெஞ்சுல இருக்கிறது பூ இல்ல."

சிரிப்பு எழுந்தது. ஆனால் குண்டூசி சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இத பாரு. உனக்கு உடம்பு முடியலைன்னா வீட்டுல படு. அறையை மூடுன்னு எவனாவது கிளம்பினா இங்க இத்தனை பேர் வாயில மண்ணுதான். மழையில நனைஞ்சா எல்லாருக்குந்தான் கால் மரக்கும். பெருசா வந்துட்டா."

ஊரையே வாயால் வளைத்தவளைப் பேச்சு கைவிட்டுவிட்டது. முற்றத்தின் மூலையில், இன்னும் பசையில் தோய்க்காத புதுப் பிரஷ்கள் பெட்டியோடு வைத்திருந்தார்கள். அவள் எழுந்து நொண்டிக்கொண்டு போய் ஒன்றை எடுத்துவந்து, குண்டூசியின் காலடியில் உட்கார்ந்தாள்.

"செருப்பைக் கழட்டு. கண்ணை மூடு."

"எதுக்கு?"

"நான் எந்த விரலைத் தொடறேன்னு சொல்லு."

"பைத்தியம் முத்திருச்சு," என்றபடி குண்டூசி கண்ணை மூடினாள். வாயாடி நடுவிரலில் பிரஷ்ஷை வைத்தாள்.

"சுண்டுவிரல்," என்றாள் குண்டூசி.

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். "பார்றா, இவளுக்குத் தன் விரலே தெரியலை!" பெருவிரலைத் தொட்டாள். "நடுவிரல்." இன்னும் பெரிய சிரிப்பு. நான் சொல்றேன், எனக்குத் தெரியும் என்று அடுத்தவள் காலை நீட்டினாள். அவளும் தப்பாகச் சொன்னாள். அதற்கடுத்தவள் சரியாகச் சொன்னாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். மூத்தவள் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பிறகு ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று கண்ணைத் திறந்து பார்த்தாள். பிரஷ் அவள் பெருவிரல்மேலேயே இருந்தது. அவள் மெல்லக் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

விசில் சார் தப் தப்பென்று வந்தார்.

"மணி அடிச்சாச்சு. என்ன கூத்து நடக்குது இங்க?"

யாரும் எழவில்லை. குண்டூசிதான் வாயைத் திறந்தாள். "சார், உக்காருங்க. ஷூவைக் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டுங்க சார். ஒரு விளையாட்டு."

பெண்களின் முகத்தைப் பார்த்தவருக்கு மறுக்கத் தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கண்ணை மூடினார். வாயாடி பிரஷ்ஷால் அவர் பெருவிரலைத் தொட்டாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போனாள். உள்ளங்காலில் கோடு இழுத்தாள். குதிகாலைச் சுற்றினாள். தகரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்து, இன்னொரு சொட்டு விழுந்தது.

"சரி, தொடு," என்றார் விசில் சார், கண்ணை மூடியபடி. "எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?"

அவர் கண்ணைத் திறந்தார். பிரஷ்ஷைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், வாயாடியைப் பார்த்தார்.

"நான்தான் தினமும் ஊத்தறேன்," என்றார். சொல்லோடு காற்றும் வந்தது. "டிரம்முக்கு மேல குனிஞ்சு."

வெறுங்காலோடு எழுந்து அறைக்குள் போய், மேசைமேல் ஏறி, காற்றாடி ஓட்டையின் அட்டையை அவரே பிய்த்துப் போட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. முதலாளி முதலில் மழையைக் குறை சொன்னார், பிறகு பசை விற்றவனைக் குறை சொன்னார். விசில் சார் அவர் மேசைக்கு எதிரே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார் என்று சொல்கிறார்கள். அறை மூடிக் கிடந்த நாட்களில் குண்டூசி தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திறந்தபோது மேல்மூலைக் காற்றாடியோடு மேசையை ஒட்டியே உறிஞ்சுகுழாய்கள் வந்திருந்தன. குழாய் பொருத்தியவன் சொன்னானாம், இது மேலே போகிற புகை இல்லை, தரையில் படுக்கிற புகை, அது இருக்கிற இடத்திலேயே பிடித்து இழுக்கவேண்டும் என்று. பசை வேறு பசை. டப்பாவுக்குப் பிரஷ் நுழைகிற அளவு மட்டும் ஓட்டை வைத்த மூடி. கைக்கு உறை. கழுவ சோப்பு. தின்னர் டிரம் பூட்டிய கொட்டகைக்குப் போயிற்று. பசைத் துணியைப் போட இரும்புக் கூடை வந்தது. சாப்பாடு வெளியேதான். கால் மரத்தவர்கள் எல்லாரையும் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

வாயாடியால் அங்கேகூடப் போகமுடியவில்லை. டாக்டரம்மா சொன்னபடியே அவளுக்கு மோசமாகியது. மரப்பு விரலிலிருந்து பாதத்துக்கும், பாதத்திலிருந்து கணுக்காலுக்கும் ஏறியது. நின்றால் பாதம் தொங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அதைவிடக் கொடுமை, தலை தெளிந்தது. தண்ணீர் வடிந்துபோன ஆற்றில் கல்லும் முள்ளும் தெரிகிற மாதிரி உலகம் தெரிந்தது. பாத்திரம் விழுந்தால் மண்டைக்குள் விழுந்தது. மேசை மிதந்த அந்த மத்தியானங்களை நினைத்து அவள் ஏங்கினாள். திரும்பப் போய் அந்த டிரம்முக்குப் பக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன என்றுகூட ஒருநாள் தோன்றியது.

மாமனார் சமையலை ஏற்றுக்கொண்டார். அவர் செய்த உருளைக்கிழங்கு வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது.

"இதை... இதை மனுஷன் தின்பானா?" என்றாள் அவள், சொல்லைத் தேடித் தேடி.

"தின்னா தின்னு, இல்லைன்னா நீ எழுந்து வந்து செய்," என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று.

மழை விட்டு வெயில் வந்தது. புருஷனுக்கு லீவு நாள். காலையில் அவளைத் தூக்கி வராந்தாவில், வெயில் விழுகிற இடத்தில் உட்காரவைத்தான். எண்ணெய்க் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தான். தேய்ப்பது அவளுக்குத் தெரியவில்லை. அவன் கை அசைவது மட்டும் தெரிந்தது. கீழே தெருவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நீங்க ஏன் என்னைக் கேக்கலை?" என்றாள்.

"எதை?"

"நான் அப்படி ஆனப்போ. மாமா சொன்னாரே. நீங்க ஏன் கேக்கலை?"

அவன் கை நின்றது. எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. ஏதாவது சாக்குச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். வேலைக் களைப்பு, ரோடு, தலைவலி.

"நல்லாயிருந்துச்சு," என்றான் கடைசியில். தலை நிமிரவில்லை. "வீட்டுக்கு வந்தா அமைதியா இருந்துச்சு. அது எனக்கு நல்லாயிருந்துச்சு. அதான் கேக்கலை."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அது வருகிற வழியிலேயே, தாகம் தணிந்த மாதிரி ஒன்று அதை மறித்துக்கொண்டு நின்றது. அவள் வெயிலைப் பார்த்தாள்.

"எனக்குந்தான்," என்றாள். "எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கும்," என்றாள் அவள். "சின்ன வயசுலேர்ந்து. அதான் பேசிட்டே இருப்பேன். அங்க உக்காந்திருந்தப்போ அந்தப் பயம் இல்ல. அதுக்காகத்தான் நானும் யார்கிட்டயும் சொல்லலை. கையில ஒண்ணும் தெரியலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் பேசிய ஆயிரமாயிரம் வார்த்தைகளில் இது இல்லை. அவன் மறுபடி தேய்க்கத் தொடங்கினான். இருவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனம் எப்படி இருக்கிறது என்று அவள் ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல மனசுக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தாங்க முடிகிற பயம்.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் அவர்களுக்கு அதுவே வேலையாயிற்று. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திக்கொண்டே இறங்குவான். "தெரியுது, தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு இடத்தில் நிறுத்துவாள். அதுதான் எல்லை. கடலோரத்தில் ஈரம் ஏறி இறங்குவதைப்போல அந்த எல்லை முதலில் மேலே ஏறியது. அங்கேயே நெடுநாள் நின்றது. பிறகு, இறங்குகிறதா இல்லையா என்று அவர்களே நம்பாத அளவுக்கு மெல்ல, இறங்கத் தொடங்கியது. கூடவே வலி வந்தது. காலுக்குள் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டது போல. பகலில் பல்லைக் கடித்தாள், ராத்திரியில் புருஷனைத் திட்டினாள், விடிந்ததும் மாமனாரைத் திட்டினாள். சொற்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன.

குண்டூசி ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்று, "எனக்கு நடுவிரல் வந்துருச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு, பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலை. அவன் டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் காலை மடியில் எடுத்தான். கணுக்கால் தாண்டியது. தெரியுது என்றாள். புறங்கால். தெரியுது. அவன் நம்பாமல் பாதத்தைத் திருப்பி, உள்ளங்காலின் குழிவில், விரல் நுனியால் லேசாக ஒரு கோடு இழுத்தான்.

அவள் அலறிக்கொண்டு உதைத்தாள். அவளாக உதைக்கவில்லை, கால் தானாக உதைத்தது. குதிகால் அவன் தாடையில் பட்டு, அவன் பின்னால் சாய, டீ டம்ளர் உருண்டு கம்பி இடுக்கு வழியாகத் தெருவில் விழுந்தது.

"என்னடா உடைஞ்சது?" என்று உள்ளேயிருந்து கிழவர் கத்தினார்.

அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான். கண்ணில் தண்ணீர். அவள் காலை மார்போடு இழுத்துக் கட்டிக்கொண்டு, கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, என்ன உடைஞ்சதுன்னு கேக்கறேன்ல!"

பதில் சொல்ல இரண்டு பேருக்கும் மூச்சு வரவில்லை. அவன் மெல்லத் தவழ்ந்து வந்து அவள் மறுகாலைப் பிடித்தான்.